நடந்தபடி யோசிப்பதும் வாய்விட்டு யோசிப்பதும்: வாசகர் கேள்வி பதில்

யோசிக்கும்போது நடப்பது, தனக்குத் தானே வாய்விட்டுப் பேசுவது இரண்டையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பொருளாதாரப் பாடத்தைத் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் சத்தமாகப் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. மாதிரித் தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறேன். சத்தமாகப் படிப்பதே தவறா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: தவறில்லை. ஆனால் குரலைச் செலவிடும் இடம் சரியில்லை. புத்தகத்தில் இருப்பதை உரக்க வாசிப்பது ஒரு வேலை. புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வாயால் விளக்குவது வேறொரு வேலை. நீங்கள் முதலாவதை மட்டும் செய்கிறீர்கள்.

உரக்க வாசிப்பதால் பயன் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் காலின் மெக்லியட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மனதுக்குள் வாசித்த சொற்களைவிட வாய்விட்டு வாசித்த சொற்கள் கூடுதலாக நினைவில் நின்றன. வாய்விட்டுச் சொன்னவை மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிவதுதான் காரணம். முழுப் பக்கத்தையும் சத்தமாகப் படித்தால் எதுவுமே தனித்துத் தெரியாது, பயனும் குறையும். அதனால் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரி போதும். வரையறை, சட்டப் பிரிவு எண், ஆண்டு இவற்றை மட்டும் குரலெடுத்துப் படியுங்கள். மற்றதைக் கண்ணால் படியுங்கள்.

தேர்வில் தடுமாறுவதற்கு மருந்து இரண்டாவது வேலையில் இருக்கிறது. ரெப்போ விகிதத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்று, எதிரே தம்பியோ தங்கையோ இருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை உயர்த்தினால் விலைவாசி குறையும். ஏன்? வங்கிகள் கடன் பத்திரங்களை ஈடு வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்கும் வட்டிதான் ரெப்போ. அது உயர்ந்தால் வங்கிக்குப் பணம் கிடைக்கும் செலவு கூடும். அதனால் வீட்டுக் கடன், வண்டிக் கடன் வட்டியை வங்கி ஏற்றும். அதனால் கடன் வாங்குகிறவர்கள் குறைவார்கள். அதனால்... அது வந்து... விலை குறையும்."

"அது வந்து" என்று நாக்கு நின்ற இடத்தில்தான் ஓட்டை. கடன் வாங்குகிறவர் குறைந்தால் பொருள் வாங்குவதும் குறைகிறது. தேவை தணிந்தால் விற்பவர் இஷ்டத்துக்கு விலை ஏற்ற முடியாது. இந்தக் கண்ணி விட்டுப்போயிருக்கிறது. அது தெரிந்ததும் முதல் வாக்கியமே பிசகு என்பதும் தெரியும். விலைவாசி குறையும் என்பதைவிட, விலை ஏறும் வேகம் குறையும் என்பதே சரி. தேர்வில் கேள்வியை மாற்றிக் கேட்பவர்கள் கை வைப்பது இந்த இடத்தில்தான். கண்ணால் எத்தனை முறை படித்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் அச்சில் எல்லா வாக்கியமும் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆகவே பேசும்போது "அது வந்து", "ஒரு மாதிரி", "அப்படியே", "ஆட்டோமேட்டிக்கா" என்ற சொற்கள் வந்தால் உடனே நில்லுங்கள். புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு கண்ணியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். திரும்ப முதலிலிருந்து சொல்லுங்கள். ஒரு கருத்துக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு கருத்து. அதற்கு மேல் போனால் தொண்டையும் கட்டும், விளக்கமும் ஒப்பிப்பாக மாறிவிடும்.

"எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. ஜிப், ஃப்ளஷ் டாய்லெட் போன்ற தினசரிப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று யேல் பல்கலைக்கழகத்தின் ரோசன்பிளிட், கெய்ல் இருவரும் ஆட்களைக் கேட்டார்கள். எல்லாரும் தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். படிப்படியாக விளக்கச் சொன்ன பிறகு தாங்களாகவே மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். 2002இல் வெளிவந்த ஆய்வு இது. நன்னூல் மாணவனின் கடமையைச் சொல்லும்போது பாடம் போற்றலோடு நிறுத்தவில்லை. "வினாதல், வினாயவை விடுத்தல்" என்று கேட்பதையும், கேட்டதற்கு விடை சொல்வதையும் சேர்த்தே வைக்கிறது. படித்ததைச் சரிபார்க்க இதைவிட நேரான வழி கிடையாது.

கேள்வி: நடந்தால் யோசனை வரும் என்கிறார்கள். தினமும் பூங்காவில் ஐந்து சுற்று நடக்கிறேன். கடையை எப்படி மேலே கொண்டுவருவது என்று யோசிக்கிறேன். ஒன்றும் வரவில்லையே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மூன்று இடத்தில் தட்டுகிறது. கேள்வி அகலமாக இருக்கிறது, நடை அநேகமாக வேகமாக இருக்கிறது, வந்த யோசனையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

ஸ்டான்ஃபோர்டில் மெரிலி ஒப்பேசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் தெளிவானது. சட்டைப் பொத்தான் போன்ற சாதாரணப் பொருளுக்கு வழக்கத்தில் இல்லாத பயன்களைச் சொல்லச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்தபோது சொன்னதைவிட நடந்தபோது சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தது. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் சற்று நேரம் அந்த ஓட்டம் நீடித்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள சொற்புதிர்களில் நடந்தவர்கள் லேசாகப் பின்தங்கினார்கள். ஆகவே வழிகளைப் பெருக்குவதற்கு நடை. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, கணக்குப் போட, கொட்டேஷன் தயாரிக்க, நாற்காலியும் மேசையும்.

கிளம்பும் முன் கேள்வியை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். "கடையை மேலே கொண்டுவருவது எப்படி" என்பதற்கு மனம் எந்தப் பக்கமும் நகராது. "மாலை 4 முதல் 6 வரை கடைக்கு ஆள் வருவதில்லை, அந்த நேரத்துக்கு என்ன விற்கலாம்?" என்று எழுதினால் நகரும். அதைப் பார்க்காமல் சொல்ல வரும்வரை இரண்டு தடவை படியுங்கள்.

மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் யோசனைக்கான வேகம். உடம்பு இளைக்க நடக்கும் விறுவிறு நடையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் ஒவ்வொரு சுற்றிலும் யாராவது வணக்கம் சொல்வார்கள், பேச்சு அறுந்துவிடும். மொட்டை மாடியில் முப்பது அடி நீளம் கிடைத்தால் அதுவே நல்லது. எட்டு போட்டு நடக்கும் வழக்கம் இருந்தால், வளைவில் திரும்புவது கால்களுக்குப் பழகும்வரை அதில் யோசனையைச் சேர்க்காதீர்கள். சாலை ஓரம் வேண்டவே வேண்டாம்.

முதல் மூன்று நிமிடம் சும்மா நடங்கள். பிறகு வாயைத் திறந்து சொல்லத் தொடங்குங்கள், விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். முதல் நான்கைந்து ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்தவையாகத்தான் இருக்கும். பெரும்பாலோர் அங்கேயே சலித்து நிறுத்திவிடுகிறார்கள். பத்து வரும்வரை விடாதீர்கள். "இது ஆகாது" என்ற தீர்ப்பை மட்டும் நடக்கும்போது சொல்லாதீர்கள், அது அடுத்ததையும் தடுத்துவிடும். ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு, குரல் பதிவை ஓடவிட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் போதும். அந்த ஸ்டான்ஃபோர்ட் சோதனைகளில் ஒவ்வொரு அமர்வும் 5 முதல் 16 நிமிடம்தான்.

திரும்பி வந்ததும் தண்ணீர் குடிக்கும் முன், வாட்ஸ்அப் திறக்கும் முன், மூன்று வரி எழுதிவிடுங்கள். நல்ல யோசனைகள் அதிகம் காணாமல் போவது மாடிப்படிக்கும் மேசைக்கும் நடுவில்தான். தேர்ந்தெடுப்பதை மறுநாள் காலை உட்கார்ந்து, செலவு வரவு எழுதிப் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: ஊருக்குக் கிளம்பினால் பாதி வழியில் "சிலிண்டர் மூடினேனா, கதவு பூட்டினேனா" என்று சந்தேகம் வந்துவிடுகிறது. திரும்பிப் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஜப்பானிய ரயில்வேயில் நூறாண்டுக்கு மேலாக நடக்கும் ஒரு வழக்கம் உங்களுக்கு அப்படியே பொருந்தும். ஓட்டுநர் சிக்னலைப் பார்ப்பார், கையை நீட்டி விரலால் சுட்டுவார், அது என்ன நிறம் என்று வாய்விட்டுச் சொல்வார். கண், கை, வாய், காது நான்கும் ஒரே பொருளில் சேர்வதால், பழக்கத்தில் கை தானாகச் செய்துவிட்டுப் போகும் வேலையிலும் கவனம் வந்து நிற்கிறது. ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994இல் ஓர் எளிய பணியில் இதைச் சோதித்தது. எதுவும் செய்யாதபோது 100 செயலுக்கு 2.38 பிழை. சுட்டியும் சொல்லியும் செய்தபோது 0.38. நியூயார்க் சுரங்க ரயிலில் 1996 முதல் நடத்துநர்கள் நடைமேடையின் நடுவில் உள்ள கறுப்பு வெள்ளைப் பலகையைச் சுட்டிக்காட்டிய பிறகே கதவைத் திறக்கிறார்கள். நம் ரயில்களிலும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வதுதான் விதி.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கையை எடுங்கள். இப்போது அதை நேராகப் பார்த்து, ஆள்காட்டி விரலை நீட்டி, "ரெகுலேட்டர் மூடியிருக்கு" என்று சொல்லுங்கள். கதவைப் பூட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்து, விரல் நீட்டி, "வாசல் பூட்டியாச்சு, செவ்வாய்க்கிழமை" என்று கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேற்றைய பூட்டலும் இன்றைய பூட்டலும் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் சந்தேகமே வருகிறது. கிழமை அதைப் பிரித்து வைக்கும். இரத்த அழுத்த மாத்திரை போடும்போதும் இதையே செய்யலாம்.

கெடுவது எங்கே என்றால், செருப்பைப் போட்டுக்கொண்டே "மூடியாச்சு, பூட்டியாச்சு" என்று சொல்வதில். கண் பார்க்காததை வாய் சொல்லக் கூடாது. பார்த்த பிறகே சொல்ல வேண்டும். இன்னொன்று, எல்லாவற்றுக்கும் இதைச் செய்யாதீர்கள். மறந்தால் ஆபத்தான மூன்று நான்குக்கு மட்டும் வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் பத்து முறை திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றி, அன்றாட வேலை கெடுகிறது என்றால் அதை மறதி என்று விட்டுவிடாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள், அதற்குச் சிகிச்சை உண்டு.

கேள்வி: என் ஆறு வயது மகன் விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டே இருக்கிறான். சமைக்கும்போது நானும் பேசுகிறேன். மாமியார் பயப்படுகிறார். (வாசகி, சேலம்)

பதில்: மாமியாரிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதை 1930களிலேயே விளக்கிவிட்டார். பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் பேச்சைக் குழந்தை முதலில் தனக்கே சொல்லிக்கொள்கிறது. நாளடைவில் அந்தப் பேச்சு உள்ளே போய் எண்ணமாகிறது. வேலை கடினமாகும்போது குழந்தைகளின் பேச்சு கூடுவதையும் அவர் கவனித்தார். மகன் பேசும்போது அடக்காதீர்கள். பெரியவர்களுக்கும் வேலை சிக்கலானால் பேச்சு வெளியே வருவது இயல்பு.

கவலைப்பட வேண்டியது வேறு. இல்லாத குரல் காதில் கேட்பது, அதற்குப் பதில் சொல்வது, அது ஏவியபடி செய்வது, கூடவே தூக்கமும் உணவும் கெடுவது. பெரியவர்களிடம் இவை தெரிந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: ஆலையில் மின் பராமரிப்புப் பணி. பழுது கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வேன். உதவியாளரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால், அவர் ஒன்றும் சொல்லாமலே எனக்கு விடை வந்துவிடுகிறது. இது ஏன்? ஆள் இல்லாதபோது என்ன செய்வது? (வாசகர், ஓசூர்)

பதில்: மனதுக்குள் யோசிக்கும்போது பார்த்ததும் ஊகித்ததும் ஒன்றாகிவிடும். அடுத்தவருக்குச் சொல்லும்போது வரிசையாக, முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது இரண்டும் பிரிந்து நிற்கும். கணினி நிரல் எழுதுகிறவர்கள் மேசையில் ரப்பர் வாத்து பொம்மையை வைத்து அதனிடம் வரிவரியாக விளக்குவது இதற்காகத்தான். உங்களுக்கு பேனல் கதவே போதும்.

பேசும் முறையில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "பார்த்தேன்", "அளந்தேன்", "நினைக்கிறேன்" மூன்றில் ஒன்று வர வேண்டும். த்ரீ ஃபேஸ் மோட்டார் ஸ்டார்ட் ஆகாமல் உறுமுகிறது, கரண்ட் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். "சப்ளை மூன்று ஃபேஸும் வருகிறது." எப்படித் தெரியும்? "டெஸ்டர் மூன்றிலும் எரிந்தது, பார்த்தேன்." அளந்தீர்களா? இல்லை. இங்கேதான் பிடி கிடைக்கிறது. ஒரு ஃபேஸில் ஃபியூஸ் போயிருந்தாலும், மோட்டார் வைண்டிங் வழியாக மற்ற ஃபேஸிலிருந்து திரும்பி வரும் மின்னழுத்தத்தில் டெஸ்டர் எரியும். மல்டிமீட்டரை எடுத்து ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்று ஜோடியாக அளந்தால் மூன்றிலும் ஏறக்குறைய 415 வோல்ட் வர வேண்டும். ஏதாவது ஜோடியில் கணிசமாகக் குறைந்தால் சிங்கிள் ஃபேஸிங்தான், அதாவது ஒரு ஃபேஸ் வராமல் போயிருக்கிறது. மீதி இரண்டு ஃபேஸும் கூடுதல் கரண்ட் இழுப்பதால் ரிலே டிரிப் ஆகிறது. ரிலே மேல் பழி போட்டு அதைக் கழற்றியிருந்தால் அரை நாள் போயிருக்கும்.

சொல்லும்போது பேனலில் அந்தந்த இடத்தை விரலால் காட்டியபடி, சப்ளை வரும் பக்கத்திலிருந்து மோட்டார் வரை வரிசை மாறாமல் போங்கள். ஆனால் காட்டும் விரலுக்கும் உயிருள்ள டெர்மினலுக்கும் போதிய தூரம் இருக்கட்டும். கதவு மூடியிருக்கும்போது கதவில் ஒட்டியிருக்கும் சர்க்யூட் படத்தில் காட்டிப் பேசுவது இன்னும் நல்லது.

கேள்வி: அலுவலகத்தில் ஒருவரோடு தகராறு. இரவு மாடியில் நடந்துகொண்டே அதைப் பேசித் தீர்க்கப் பார்க்கிறேன். கீழே இறங்கும்போது கோபம் இரண்டு மடங்காகிவிடுகிறது. (வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் யோசிக்கவில்லை, நடந்ததை மறுபடி ஓட்டிப் பார்க்கிறீர்கள். ஒரே வாக்கியம் மூன்றாவது தடவை வாயில் வந்தால் அதுதான் அடையாளம். அங்கே நின்றுவிடுங்கள்.

இரண்டு மாற்றம் செய்து பாருங்கள். "நான்" என்பதை விட்டு உங்கள் பெயரைச் சொல்லி உங்களையே கேளுங்கள்: "குமார், நாளைக்குக் காலை அவரிடம் நீ முதலில் என்ன சொல்லப் போகிறாய்?" மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், மன அழுத்தம் தரும் பேச்சுக்கு முன் தன்னைப் பெயர் சொல்லி அழைத்து யோசித்தவர்கள், "நான்" என்று யோசித்தவர்களைவிடப் பதற்றம் குறைந்து நன்றாகச் செய்தார்கள். பிறருக்கு ஆலோசனை சொல்லும் தூரம் கிடைக்கிறது. அடுத்தது, "ஏன் அப்படிச் செய்தார்" என்பதை விட்டு "அடுத்து என்ன" என்று கேள்வியை மாற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் ஒரு வரி எழுதிவிட்டுக் கீழே இறங்குங்கள். படுக்கும் நேரத்தை ஒட்டி இதை வைத்துக்கொள்ளாதீர்கள், மாலையே முடித்துவிடுங்கள்.

கேள்வி: வயது 71. முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. எனக்கு இதெல்லாம் பயன்படாதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பயன்படும், ஐயா. கால்களின் வேலையில் ஒரு பங்கைக் கைகளுக்குக் கொடுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் கோல்டின்-மெடோ 2001இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கை விளக்கும்போது கையை அசைத்தவர்கள், கையை அசைக்காதவர்களைவிட, இடையே நினைவில் வைக்கச் சொன்ன பட்டியலைக் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். கை பாதிச் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. சொத்துப் பங்கீடு போன்ற விஷயத்தை யோசிக்கும்போது மேசையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டம்ளரோ டப்பாவோ வைத்து, கையால் நகர்த்தியபடி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியைப் பொறுப்பேற்றபோது, நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையோடு சேர்ந்து அது மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்து வரை போனது. விரலும் வாயும் சேர்ந்து படிப்பது நமக்குப் பழைய வழக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை. வயதானவர்கள் நடந்துகொண்டே பேசுவதில் கவனம் தேவை. பேச்சுத் தொடங்கியதும் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னாளில் கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்று ஸ்வீடனில் 1997இல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சிரமமாக இருந்தால் நடக்கும்போது நடங்கள், பேசும்போது உட்காருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிக்குப் போக வேண்டாம்.

கேள்வி: வாய்விட்டுப் பேசக் கூடாத சமயம் உண்டா? (வாசகி, வேலூர்)

பதில்: உண்டு. திருடனின் முகத்தைப் பார்த்தவர் அதைச் சொற்களில் வர்ணித்தால், பிறகு அடையாளம் காட்டுவதில் பிசகக்கூடும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஸ்கூலர் 1990இல் காட்டினார். திடீரென்று பொறி தட்டி விடை வரும் புதிர்களிலும் பேசிக்கொண்டே போட்டால் தடை விழுகிறது என்று 1993இல் அவர் குழு கண்டது. சொல்லில் அடங்காததைச் சொல்லப் பார்த்தால் சொல் முன்னே வந்து மறைக்கிறது. கோலம், ராகம், முகம் போன்றவற்றில் வாயை மூடி வைத்திருங்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் ஒரே அறையில் நான்கு பேர். சத்தமாகப் பேசினால் சிரிக்கிறார்கள். தமிழில் பேசுவதா, ஆங்கிலத்தில் பேசுவதா என்றும் குழப்பம். (வாசகர், சென்னை)

பதில்: சத்தம் இல்லாமல் உதட்டையும் நாக்கையும் அசைத்தாலே நினைவுக்கு ஓரளவு பயன் உண்டு. விளக்கிப் பார்க்க வேண்டுமென்றால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வராண்டாவில் நடங்கள், யாரோடோ ஃபோனில் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள். மொழியைப் பொறுத்தவரை, முதல் தடவை தமிழில் சொல்லுங்கள், ஓட்டை எங்கே என்று அதில்தான் சீக்கிரம் தெரியும். ஓட்டை அடைபட்ட பிறகு அதே விஷயத்தை ஆங்கிலத்தில் ஒரு முறை சொல்லுங்கள். இரண்டாவது முறை தடுமாறினால் பாடத்தில் குறையில்லை, சொல் கிடைக்கவில்லை என்று பொருள். அந்தச் சொல்லை மட்டும் தேடி எழுதிக்கொள்ளுங்கள்.